சூப்பர்மார்க்கெட் ஸ்லோகனைத் தோண்டிப் படிக்கிறது எப்படி? டெஸ்கோவை வச்சு ஒரு பாடம்

லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருந்தப்போ எங்க வீட்டு சிங்க்குக்கு அடியில பைக்குள்ள பை, அதுக்குள்ள பைன்னு ஒரு மூட்டையே கிடக்கும், நம்ம ஊர்ல ஜவுளிக்கடை மஞ்சப்பையை மடிச்சு சேத்து வைப்பாங்களே அதே கதைதான். பாதிக்கு மேல டெஸ்கோ பை (பிரிட்டனோட பெரிய சூப்பர்மார்க்கெட்), எல்லாத்துலயும் ஒரே வாசகம், "எவ்ரி லிட்டில் ஹெல்ப்ஸ்", அதாவது ஒவ்வொரு சின்னதும் உதவிதான். தினமும் குப்பை கட்டும்போது அதையே பாத்துப் பாத்து ஒரு நாள் மண்டைக்குள்ள புகுந்துருச்சு, இதை எப்போ எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்க, இதுக்கு முன்னாடி பையில என்ன இருந்துச்சு? அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல.

மார்க்கெட்டிங் படிக்கிற பசங்களுக்கும், விளம்பரம் எழுதக் கத்துக்கிறவங்களுக்கும், என்னை மாதிரி பொழுது போகாம உக்காந்திருக்கவங்களுக்கும் இது உதவும். எந்தக் கடையை எடுத்தாலும் வழி ஒண்ணுதான், நான் டெஸ்கோவை வச்சு செஞ்சு காட்டுறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. ஸ்லோகன்ல கடைக்காரன் தன்னைப் பத்தி என்ன பீத்திக்கிறான்னு பாத்துட்டு விட்டுடக் கூடாது, ஜனங்க அவனைப் பத்தி அப்போ என்ன குறை சொல்லிட்டு இருந்தாங்கன்னு தேடணும். "இங்கு சுத்தமான முறையில் சமைக்கப்படும்"னு ஒரு ஓட்டல்ல போர்டு தொங்குதுன்னா, முன்னாடி யாரோ சாம்பார்ல எதையோ பாத்திருக்காங்கன்னு தானே நமக்குத் தோணும்? அதே புத்திதான் இங்கயும் வேணும்.

ஒரு நோட்டு எடுத்து நாலு கட்டம் போடுங்க (எக்ஸல்லயும் போடலாம், ஆனா நோட்டுல எழுதினாதான் எனக்கு மண்டையில நிக்கும்). வருஷம், வாசகம், அப்போ எதிரி யாரு, எந்தக் குறைக்கு இது பதில். கடைசிக் கட்டம் ரொம்ப நாள் காலியா கிடக்கும், பரவாயில்ல, விட்டுட்டு மேல போங்க.

ஆரம்பிக்க வேண்டிய இடம், கடையை ஆரம்பிச்ச ஆளோட வாய். ஸ்லோகன்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே முதலாளி ஒரு பேச்சு பேசிட்டு இருப்பாரு, அதுதான் விதை. டெஸ்கோவுக்கு ஜாக் கோஹன். முதல் உலகப்போர் முடிஞ்சு வந்து 1919-ல கிழக்கு லண்டன் ஹாக்னி சந்தையில தள்ளுவண்டி போட்டாரு, பட்டாளத்துல மிஞ்சின மளிகைச் சாமானை வாங்கி வித்தாரு, முதல் நாள் 4 பவுண்டுக்கு வியாபாரம், 1 பவுண்ட் லாபம்னு கம்பெனியே பெருமையா சொல்லிக்கும். 1924-ல ஒரு டீத்தூள் சரக்கு வாங்கினப்போ, சப்ளை பண்ணின டி.இ. ஸ்டாக்வெல் பேர்ல இருந்து "டெஸ்", தன்னோட பேர்ல இருந்து "கோ", ரெண்டையும் ஒட்டி டெஸ்கோ. அதாவது பேரு முதல்ல டீக்கு வச்சது, கடைக்கு அப்புறம்தான் வந்துச்சு.

அவரோட தாரக மந்திரம் "பைல் இட் ஹை, செல் இட் சீப்", மலை மாதிரி குவிச்சு வை, மலிவா வித்துத் தள்ளு. இது தவிர கடை ஆளுங்களுக்கு ஒரு டை பின் குடுப்பாராம், அதுல ஒய்.சி.டி.பி.எஸ்.ஓ.ஒய்.ஏ.ன்னு எழுத்து மட்டும் இருக்கும், விரிச்சுப் படிச்சா "குண்டியைத் தேச்சுட்டு உக்காந்திருந்தா யாவாரம் ஆகாது"ன்னு அர்த்தம். வெளிய இருக்கிற ஸ்லோகனைப் போலவே, உள்ள வேலை பாக்குறவங்களுக்கு என்ன சொன்னாங்கன்னும் தேடுங்க. சில சமயம் ரெண்டும் நேரெதிரா இருக்கும், கோஹன் விஷயத்துல ரெண்டும் ஒரே ஆளோட குரல்னு கேட்டாலே தெரியும்.

அடுத்து சட்டம். இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. "மலிவா வித்துத் தள்ளு"ன்னு சொல்றது சுலபம், ஆனா அந்தக் காலத்துல பிரிட்டன்ல பெரிய பிராண்ட் சாமானுக்கு கம்பெனிக்காரன் வச்சதுதான் விலை, கடைக்காரன் இஷ்டத்துக்குக் குறைச்சு விக்க முடியாது. அப்போ மலிவுக்கடைன்னு பேர் எடுக்கணும்னா என்ன செய்யறது? 1963-ல டெஸ்கோ கிரீன் ஷீல்டு ஸ்டாம்பைப் பிடிச்சுது. சாமான் வாங்கினா பில்லோட பச்சை ஸ்டாம்ப் குடுப்பாங்க, வீட்டுக்குப் போய் நாக்குல நக்கி நக்கி ஒரு புக்ல ஒட்டணும், புக் நிறைஞ்சா அவங்க ஷோரூம்ல குடுத்துட்டு கெட்டிலோ பெட்ஷீட்டோ வாங்கிக்கலாம். விலையைத் தொடாமலே தள்ளுபடி குடுக்கிற கொல்லைப்புற வழி. அடுத்த வருஷமே, 1964-ல, அப்போ அமைச்சரா இருந்த எட்வர்ட் ஹீத் கொண்டு வந்த சட்டத்தால அந்த விலைக் கட்டுப்பாடு உடைய ஆரம்பிச்சுது, ஆனா ஸ்டாம்ப் போகல, கடை வாசல்லயே தொங்கிட்டு இருந்துச்சு. உங்க நோட்டுல வாசகம் மாறுற வருஷத்துக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு வருஷம் என்ன சட்டம் வந்துச்சுன்னு பாத்தாலே பாதி முடிச்சு அவிழ்ந்துரும்.

அப்புறம், என்ன ஆரம்பிச்சாங்கன்னு பாக்குற மாதிரி எதை நிறுத்தினாங்கன்னும் எழுதுங்க. 1977-ல டெஸ்கோ ஸ்டாம்பைத் தூக்கிப் போட்டு, அந்தக் காசுல விலையை இறக்கி, ஆபரேஷன் செக்அவுட்னு ஒரு பெரிய கலாட்டா பண்ணுச்சு. பணவீக்கம் தலைக்கு மேல போயிட்டு இருந்த காலம், பெட்ஷீட்டுக்காக ஸ்டாம்ப் நக்க யாருக்கும் பொறுமை இல்ல, இன்னைக்கு பில்லுல எவ்வளவு குறையும்னுதான் கேட்டாங்க. இதை முன்ன நின்னு நடத்தினவரு அப்போ மேனேஜிங் டைரக்டரா இருந்த இயன் மெக்லாரின், பெரியவர் கோஹனுக்கு ஸ்டாம்பை விட மனசே இல்ல. ரெண்டு வருஷத்துல, 1979-ல, கோஹன் போயிட்டாரு. ஒரு கடையோட விளம்பரம் தடால்னு மாறுதுன்னா உள்ள தலைமுறைச் சண்டை ஏதாவது நடந்திருக்கும், பெரும்பாலும் அப்பன் காலத்து ஆளுங்களுக்கும் மேனேஜர் ஆளுங்களுக்கும் நடுவுல.

80-கள்ல ஊருக்கு வெளிய பெரிய பெரிய கடையா கட்டினாங்க, "மலிவுக்கடை"ங்கிற பேர் இப்போ கழுத்துல தொங்குற கல்லாயிருச்சு. அதைக் கழட்டத்தான் 1990-ல நடிகர் டட்லி மூரை வச்சு எடுத்த டிவி விளம்பரம், டெஸ்கோ ஆளா வர்றவரு பிரான்ஸ்ல நல்ல நாட்டுக்கோழியைத் தேடி ஓடுறாரு, கோழி தப்பிச்சுட்டே இருக்கு, போற இடத்துலெல்லாம் வேற வேற நல்ல சாமானை மட்டும் கண்டுபிடிச்சுட்டு வர்றாரு. நல்ல சிரிப்பு விளம்பரம்தான். நாலாவது கட்டத்துல என்ன எழுதுவீங்க? "மலிவுதான், ஆனா தரம் இருக்காது"ங்கிற குறைக்குப் பதில். எதிரி செயின்ஸ்பரிஸ்ங்கிற இன்னொரு பெரிய சூப்பர்மார்க்கெட், அவங்க 1960-கள்ல இருந்து "நல்ல சாப்பாடு செயின்ஸ்பரிஸ்ல விலை குறைவு"ன்னு ஒரே வரியில தரத்தையும் விலையையும் சேத்துக் கட்டி வச்சிருந்தாங்க. அந்த வரியைப் பாத்து எனக்கு இன்னும் பொறாமைதான்.

இப்போ வர்றது 1993, என்னோட பை. இங்க கொஞ்சம் நிறுத்தி நிதானமா பாக்கணும்.

90-கள் ஆரம்பத்துல பிரிட்டன்ல மந்தம், ஜனங்க கையை இறுக்கிட்டாங்க, ஜெர்மனிக்காரன் ஆல்டி மலிவுக்கடையோட உள்ள வந்துட்டான். டெஸ்கோ மேல தரமும் இல்லாம கீழ மலிவும் இல்லாம நடுவுல மாட்டிக்கிச்சு. அப்போ மார்க்கெட்டிங் பாத்துட்டு இருந்த டெர்ரி லீஹி (பின்னாடி 1997-ல தலைமைக்கே வந்தாரு) வாடிக்கையாளர்கிட்டயே போய்க் கேட்டப்போ, சாராம்சம் என்னன்னா, செயின்ஸ்பரிஸைக் காப்பியடிக்காதீங்க, எங்க சின்னச் சின்ன எரிச்சலைத் தீருங்கன்னு வந்துச்சு. 1993-லயே நீலக் கோடு போட்ட டெஸ்கோ வேல்யூ பாக்கெட்டுங்க வந்துச்சு, பாத்தாலே காசு மிச்சம் பண்றாங்கன்னு தெரியணும்னே அப்படி அழகில்லாம டிசைன் பண்ணின மாதிரி இருக்கும். அதே வருஷம்தான் லோவ் ஹவர்ட்-ஸ்பிங்க் விளம்பர ஏஜென்சியோட "எவ்ரி லிட்டில் ஹெல்ப்ஸ்".

இது புதுசா யோசிச்ச வரி கிடையாது, இங்கிலீஷ்ல பல நூறு வருஷமா புழங்குற பழமொழி. நம்ம "சிறு துளி பெரு வெள்ளம்" மாதிரின்னு சொல்லலாம், ஆனா ஒரு வித்தியாசம், நம்மது சேமிப்புப் பக்கம் சாயுது, அவங்களோடதுல "உதவி"ங்கிற வார்த்தை உள்ள உக்காந்திருக்கு. அதனால ரெண்டு பக்கமும் வெட்டுது. விலையில ரெண்டு பென்னி குறைச்சா அதுவும் சின்ன உதவி, குழந்தைக்கு நாப்கின் மாத்த ரூம் வச்சா அதுவும் சின்ன உதவி. 1994-ல "ஒன் இன் ஃப்ரண்ட்"னு ஒரு வாக்குக் குடுத்தாங்க, வரிசையில உங்களுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மேல நின்னா இன்னொரு டில்லை (பில் போடுற கவுண்டர்) திறப்போம்னு. அங்கதான் ஸ்லோகன் கடைப் பையன் மேல ஏறி உக்காருது, ஏன்னா ஓடி வந்து டில்லுல நிக்க வேண்டியது அவன்தான். வாசகம் கடைக்குள்ள யாரோட வேலையை மாத்துச்சுன்னு கண்டுபிடிங்க, யாரோட வேலையும் மாறலைன்னா அது வெறும் பெயிண்ட்.

95-ல இருந்து டெஸ்கோ விளம்பரத்துல நடிகை புருனெல்லா ஸ்கேல்ஸ், டாட்டிங்கிற கிழவியா வந்தாங்க, கூட மகளா ஜேன் ஹாராக்ஸ். டாட்டி வேலையே கடைக்குப் போய்க் குறை கண்டுபிடிக்கிறது, சொன்னது உண்மையான்னு சோதிக்கிறது, பாவம் கடைக்காரங்க சிரிச்சுட்டே எல்லாத்துக்கும் ஈடு குடுப்பாங்க. நம்ம வீட்டுல கொத்தமல்லிக் கட்டைப் பிரிச்சுப் பாத்து "இது நேத்து வந்ததா"ன்னு கேக்குற பெரியம்மாவை விளம்பரத்துல போட்ட மாதிரி. குறை சொல்றவங்களையே ஹீரோயின் ஆக்கினது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப கெட்டிக்காரத்தனம்.

இப்போ பக்கத்துக் கடைக்குப் போங்க, ஒரு கடையை மட்டும் படிச்சா எதுவும் புரியாது. 1998-ல செயின்ஸ்பரிஸ் காமெடி நடிகர் ஜான் கிளீஸைக் கூட்டிட்டு வந்து கையில ஒரு மெகாஃபோனைக் குடுத்து "கூவிச் சொல்ல வேண்டிய விலை"ன்னு கத்த விட்டாங்க. கிளீஸும் ஸ்கேல்ஸும் பழைய பிபிசி காமெடித் தொடர்ல புருஷன் பொண்டாட்டியா நடிச்சவங்க, சண்டைக்கோழி ஜோடி, நாட்டுக்கே தெரியும். பொண்டாட்டி டெஸ்கோல, புருஷன் செயின்ஸ்பரிஸ்ல! ஆனா கிளீஸ் கடை ஆளுங்களையே முட்டாளாக்கிக் கத்துற மாதிரி ஆயிருச்சு, செயின்ஸ்பரிஸ்ல வேலை பாக்குறவங்களுக்கே பிடிக்கல, படுதோல்வி. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க டிவி சமையல்காரர் ஜேமி ஆலிவரைக் கொண்டு வந்து சரி பண்ணினாங்க, அவரு 2011 வரைக்கும் இருந்தாரு. ஒரே காலத்து ரெண்டு விளம்பரத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாருங்க, கடை ஆளை ரெண்டு பேரும் எப்படி நடத்துறாங்கன்னு மட்டும் கவனிங்க.

ஸ்லோகன்னா வாசகம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1995 பிப்ரவரியில டெஸ்கோவோட கிளப்கார்டு (வாங்க வாங்க பாயிண்ட் சேர்ற அட்டை) வந்துச்சு, யார் என்ன வாங்குறாங்கன்னு டன்ஹம்பி கம்பெனி கணக்குப் போட்டுக் குடுத்துச்சு, அவங்க சோதனையைப் பாத்துட்டு மெக்லாரின், முப்பது வருஷத்துல எனக்குத் தெரியாததை மூணு மாசத்துல தெரிஞ்சுட்டு வந்துட்டீங்களேன்னு பயந்து போய்ச் சொன்னது பிரபலம். எதிர்ப்பக்கம் செயின்ஸ்பரிஸ் தலைவர் டேவிட் செயின்ஸ்பரி இதை "எலக்ட்ரானிக் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்"னு நக்கல் அடிச்சாரு. பாருங்க, 1977-ல செத்த ஸ்டாம்ப் 18 வருஷம் கழிச்சு ஒரு நக்கல்ல உயிரோட வருது! அந்த வருஷமே டெஸ்கோ செயின்ஸ்பரிஸைத் தாண்டி முதல் இடத்துக்குப் போச்சு, அடுத்த வருஷம் செயின்ஸ்பரிஸும் ஒரு கார்டு விட்டுச்சு. எதிரி என்ன நக்கல் அடிச்சான்னு தனியா குறிச்சு வைங்க, அவனோட பயமும் அதுல தெரியும்.

சரி, இதெல்லாம் எங்க கிடைக்கும்? பழைய டிவி விளம்பரம் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, ஆனா தலைப்புல போட்டிருக்க வருஷத்தை நம்பாதீங்க, ஒரு தடவை அதை நம்பி என் நோட்டுல ஒரு முழுப் பக்கமே தப்பா போயிருச்சு. விளம்பரத்துக்குள்ளயே விலையும் பாக்கெட் டிசைனும் இருக்கும், அதை வச்சு சரி பாருங்க. நார்ஃபோக்ல ஹிஸ்டரி ஆஃப் அட்வர்டைசிங் டிரஸ்ட்னு ஒரு காப்பகம் இருக்கு, செயின்ஸ்பரிஸ் சரக்குன்னா லண்டன் டாக்லேண்ட்ஸ் மியூசியத்துல செயின்ஸ்பரி ஆர்க்கைவ். ட்ரேட்மார்க் பதிவு அலுவலகத்தோட தேடல் பக்கம் இலவசம், எந்த வாசகத்தை எப்போ பதிஞ்சாங்கன்னு வரும், ஆனா பதிஞ்ச தேதியும் வாசகம் வெளிய வந்த தேதியும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. ஏஜென்சிக்காரங்க விருதுக்கு எழுதிப் போடுற கேஸ் ஸ்டடியும் நல்ல தீனி, ஆனா அது மாப்பிள்ளை வீட்டுத் தரகர் பேச்சு மாதிரி, பாதி கழிச்சுக்கங்க.

இதையெல்லாம் விட எனக்குப் பிடிச்சது விளம்பரத் தர ஆணையமான ஏ.எஸ்.ஏ.வோட தீர்ப்புகள். ஏன்னா அங்க வாசகத்தை எழுத்து எழுத்தா பிரிச்சு மேய்வாங்க. 2013 ஜனவரியில பர்கர்ல குதிரைக் கறி விவகாரம் வெடிச்சுது, டெஸ்கோவோட ஒரு மலிவு பர்கர்ல கறியில 29 சதவீதம் குதிரை. டெஸ்கோ பேப்பர்ல மன்னிப்பு விளம்பரம் போட்டுச்சு, அதுல ஒண்ணு "பர்கர் எங்களுக்கு என்ன கத்துக் குடுத்துச்சு"ன்னு பாடம் படிச்ச பையன் மாதிரி பவ்யமா பேசும். ஆனா பிரச்சினை மொத்த உணவுத் தொழிலுக்கும் உள்ளதுன்னு தோணுற மாதிரி எழுதிட்டாங்கன்னு செப்டம்பர்ல ஏ.எஸ்.ஏ. அதைத் தடை பண்ணிருச்சு. மன்னிப்புக் கடிதத்துலயே வக்கீல் புத்தி!

அமெரிக்காவுல இதுக்கு அக்கா ஒண்ணு இருக்கு. வால்மார்ட் "ஆல்வேஸ் தி லோ பிரைஸ்"னு போட்டுட்டு இருந்துச்சு, எப்பவும் இவங்கதான் குறைஞ்ச விலையான்னு கேள்வி வந்து 1994-ல அதை "ஆல்வேஸ் லோ பிரைசஸ்"னு மாத்த வேண்டியதாச்சு. "தி"ங்கிற ஒரு சொல் போனதுல "எல்லாரையும் விடக் குறைவு" வெறும் "குறைவு" ஆயிருச்சு. இந்த மாதிரி ஒரு சொல் காணாமப் போறதைக் கண்டுபிடிச்சா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

2014-ல டெஸ்கோ லாபக் கணக்கை ஊதிக் காட்டின விவகாரம், 2015-ல வரலாறு காணாத நஷ்டம், புது தலைவர் டேவ் லூயிஸ், புது ஏஜென்சி பி.பி.எச். இங்க இருந்து வரிசையா நோட்டுல போட்டுட்டுப் போகலாம். 2016-ல "ரோஸ்டீன் ஃபார்ம்ஸ்", "பாஸ்வெல் ஃபார்ம்ஸ்"னு ஏழு பண்ணைப் பேர்ல காய்கறி, கறி விட்டாங்க, பேருக்கும் சரக்கு வந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்ல, விவசாயிங்க கொதிச்சுட்டாங்க. 2017-ல "ஃபுட் லவ் ஸ்டோரீஸ்", சாதா ஜனங்க யாருக்காகவோ சமைக்கிற கதை, நம்பிக்கை போன கடை வீட்டு அடுப்படி வழியா திரும்ப நுழையுது. 2018-ல ஆல்டியையும் இன்னொரு ஜெர்மனி மலிவுக்கடையான லிடிலையும் சமாளிக்க "ஜாக்ஸ்"னு கோஹன் பேர்லயே மலிவுக்கடை திறந்தாங்க, 2022-ல மூடிட்டாங்க. தாத்தா பேரை வச்சாலும் தாத்தா மாதிரி யாவாரம் வந்துருமா?

கடைசியா கோர்ட் தீர்ப்பைப் படிக்கப் பழகுங்க, இங்கிலாந்துத் தீர்ப்புங்க ஆன்லைன்ல இலவசமா கிடைக்கும், நீளமா இருக்கேன்னு பயப்படாதீங்க. கிளப்கார்டு வச்சிருக்கவங்களுக்கு மட்டும் குறையுற விலைக்கு கிளப்கார்டு பிரைஸ்னு நீலச் சதுரத்துக்குள்ள மஞ்சள் வட்டம் போட்டு டெஸ்கோ மாட்டினதுக்கு லிடில் கேஸ் போட்டுச்சு, ஏன்னா லிடில் லோகோவே நீலத்துக்குள்ள மஞ்சள் வட்டம், பாக்குற ஜனங்க "லிடில் விலைக்கே தர்றான் போல"ன்னு நினைச்சுக்குவாங்கன்னு வாதம். 2023-ல ஹைகோர்ட்ல லிடில் ஜெயிச்சுது, 2024 மார்ச்ல அப்பீல்லயும் ட்ரேட்மார்க் விஷயத்துல அதேதான், டெஸ்கோ லோகோவை மாத்த வேண்டியதாயிருச்சு. ஒரு வார்த்தை கூட இல்லாத ஒரு மஞ்சள் வட்டம் "நாங்க மலிவு"ன்னு சொல்லுமான்னு நீதிபதிங்க பக்கம் பக்கமா யோசிச்சிருக்காங்க, விளம்பரம் எழுதக் கத்துக்கிறவங்களுக்கு இதை விட நல்ல பாடப் புஸ்தகம் கிடையாது.

வீட்டுல உக்காந்து படிச்சதோட நிறுத்தாம கடைக்குள்ளயும் போங்க. ஷெல்ஃப்ல இருக்கிற விலைச் சீட்டுக்கு நேரா குனிஞ்சு நின்னு பாருங்க, வெள்ளையில ஒரு விலை, மஞ்சள்ல கார்டு விலை, அடியில எறும்பு மாதிரி எழுத்துல 100 கிராமுக்கு எவ்வளவுன்னு. மஞ்சள் பெருசா கத்தும், எறும்பு எழுத்துதான் உண்மை பேசும். 2024 நவம்பர்ல போட்டி ஆணையமான சி.எம்.ஏ. பிரிட்டன் கடைகள்ல சுமார் 50,000 சாமானைப் பாத்து, கார்டு சலுகையில 92 சதவீதம் நிஜமாவே வழக்கமான விலையை விடக் குறைவுதான்னு சொல்லுச்சு, அதனால எல்லாம் பித்தலாட்டம்னும் முடிவு கட்டிடாதீங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல அதே வருஷம் கோல்ஸ், வூல்வொர்த்ஸ்ங்கிற ரெண்டு பெரிய சூப்பர்மார்க்கெட் மேலயும் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டுச்சு, கொஞ்ச நாள் விலையை ஏத்திட்டு அப்புறம் இறக்கி, "விலை இறங்கிருச்சு"ன்னு சீட்டு மாட்டினாங்க, இறங்கின விலையே பழைய விலைக்கு சமமா இல்ல அதிகமா இருந்துச்சுங்கிறது குற்றச்சாட்டு. கோல்ஸோட "டவுன் டவுன்" விளம்பரத்துல பெரிய சிவப்புக் கை கீழ காட்டிட்டே இருக்கும், அந்தக் கையை வச்சே ஒரு தனி நோட்டு போடலாம். நீங்களும் வாரம் ஒரு தடவை ஒரே சாமானோட விலைச் சீட்டை மொபைல்ல படம் பிடிங்க, எண்ணெய், டீ, டாய்லெட் பேப்பர் மூணு போதும்.

நான் இப்போ டெஸ்கோவை மூடி வச்சுட்டு இன்னொரு பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டான ஆஸ்டாவுக்கு நோட்டு போட ஆரம்பிச்சிருக்கேன். அவங்களோடது வாசகத்தை விட சத்தம்தான், 70-கள்ல இருந்து வர்ற விளம்பரத்துல பொம்பளைங்க சாமான் வாங்கிட்டு வெளிய வந்து பேன்ட் பின் பாக்கெட்டை ரெண்டு தட்டு தட்டுவாங்க, மிச்சச் சில்லறை குலுங்கும், அவ்வளவுதான் விளம்பரம். வாசகக் கட்டத்துல இதை எப்படி எழுதறதுன்னு அரை மணி நேரம் பேனாவைக் கடிச்சுட்டு உக்காந்திருந்துட்டு, "ச்சிங் ச்சிங்"னு எழுதி வச்சிருக்கேன்.